ஃபக்டரியை இனி ஆர் பாக்கிறது?

நேற்றுப் பின்னேரம் டிவியில் திரும்பவும் ‘மன்னன்’. 1992இல் வந்த படம். தொழிற்சாலை முதலாளியாக வரும் விஜயசாந்தி, கடைசியில் வீட்டோடு இருக்கும் மனைவியாகிவிடுவார். சின்ன வயதில் அந்த முடிவுக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ரஜினி காட்டினால் ஸ்டைல், அதையே அவர் காட்டினால் திமிர். அப்படித்தான் பழகியிருந்தோம்.

திருகோணமலைத் திருக்கடலூரில் கருவாட்டு வாடி நடத்தும் சித்தியும் பக்கத்தில் இருந்தார். மடியில் கணக்குக் கொப்பி, நகக்கண்ணில் இன்னும் உப்பு. படம் முடிந்ததும், “அப்ப அந்த ஃபக்டரியை இனி ஆர் பாக்கிறது?” என்றார்.

சித்தப்பா வாயே திறக்கவில்லை. அவருடைய படகு எஞ்சின் கடனும் அந்தக் கொப்பியில்தானே இருக்கிறது!

“சரி, வெள்ளன எழும்போணும், நெத்தலி வரும்” என்று சித்தி டிவியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.