யானுஸின் தலை: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

1922-இல் இதே நாளில்தான் ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ரத்தக்காட்டேரி ஊமைப்படம் ‘நோஸ்ஃபெராட்டு’ முதல் தடவையாகத் திரையிடப்பட்டது, பெர்லின் மிருகக்காட்சி சாலையின் பளிங்கு மண்டபத்தில். அதை நினைத்து இன்று ராத்திரி மறுபடியும் போட்டுப் பார்த்தேன். மாடிப்படிச் சுவரில் அந்த நிழல் ஏறும்போது இன்னமும் கை சில்லிட்டுப் போகிறது.

சட்டப்படி பார்த்தால் இந்தப் படம் இன்று இருக்கவே கூடாது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை, உரிமை வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் விடவில்லை, வழக்கு போட்டார். தயாரித்த பிரானா கம்பெனியோ திவால். கடைசியில் 1925-இல், பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் சில பிரிண்டுகள் எல்லை தாண்டிவிட்டிருந்தன. இன்று நான் பார்த்தது, பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் இருந்த, சாயம் தோய்த்த ஒரு பழைய பிரெஞ்சுப் பிரிண்டிலிருந்து மீட்டெடுத்தது.

மார்ச் 5, புதன்

நேற்றுப் படுத்த பிறகும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1920-இல், இதே முர்னா இதே வேலையைச் செய்திருக்கிறார். ஒரே ஆள் நல்ல டாக்டராகவும் கொடியவனாகவும் மாறி மாறி வாழும் ஸ்டீவன்சனின் ஜெகில், ஹைட் கதையை எடுத்து, ஆட்களின் பெயரை வாரன் என்றும் ஓகானர் என்றும் மாற்றி ‘டெர் யானுஸ்-கோப்ஃப்’, அதாவது ‘யானுஸின் தலை’ என்று படம் எடுத்தார். யானுஸ் என்பது இரண்டு முகமுள்ள ரோமானியக் கடவுள். இரட்டை வேடத்தில் கான்ராட் வைட். கேமராவில் கார்ல் ஃப்ராய்ண்ட். வாரன் வீட்டு வேலையாளாக வந்தவர் பேலா லுகோசி! பின்னாளில் ஹாலிவுட்டின் டிராகுலாவாக உலகமே அறிந்த அதே லுகோசி.

இந்தப் படத்தை அழிக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. ஆனால் இதில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. எரிக்கச் சொன்னது இருக்கிறது, யாரும் தொடாதது போய்விட்டது. இதை என்னால் சுலபமாகக் கடந்து போக முடியவில்லை.

முர்னா இயக்கியது மொத்தம் 21 படங்கள். முழுசாகக் கிடைப்பவை 12. ‘மரிட்ஸா’வில் ஒரே ஒரு ரீல் இருக்கிறது. ஹாலிவுட் போய் 1928-இல் பெரிய கம்பெனிக்கு எடுத்த ‘4 டெவில்ஸ்’கூடத் தப்பவில்லை.

மார்ச் 6, வியாழன்

எப்படிப் போயின? போர் ஒரு காரணம்தான். பெர்லினில் விழுந்த குண்டுகளில் நிறையப் போயின. ஆனால் அதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருந்தது.

அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட். வெடிமருந்துக்குப் பங்காளி. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள் முக்கினாலும் அணையாது. எரியாமல் டப்பாவிலேயே கிடந்தாலும் நிம்மதி இல்லை. முதலில் பிம்பம் மங்கும், அப்புறம் சுருள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டும், கடைசியில் பழுப்புத் தூளாக உதிர்ந்துவிடும்.

அது போதாதென்று, படலத்தில் இருந்த வெள்ளி. பேசும்படம் வந்த பிறகு ஊமைப்படத்துக்கு வியாபார மதிப்பு போயிற்று. வைத்திருக்க வாடகை, தீ பயம், ஆனால் உள்ளே வெள்ளி. கரைத்து எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் அரசு திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1935-இல்தான்.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ஜெர்மன் ஊமைப்படம் ‘மெட்ரோபோலிஸ்’ முழுசாகப் பார்த்தேன். இந்தப் பதிப்பு 2010 பிப்ரவரி 12-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெளியானது.

1927 ஜனவரியில் வெளியான சில மாதங்களிலேயே லாங்கின் படத்தை வெட்டிக் குதறிவிட்டார்கள். வெட்டின பகுதி போனது போனதுதான் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அர்ஜென்டினாவின் புவேனோஸ் ஐரிஸில் திரைப்பட ஆய்வாளர் ஃபெர்னாண்டோ பேன்யா மட்டும் ஒரு பழைய பேச்சை மறக்கவில்லை. ஃபிலிம் சொசைட்டி நடத்திய ஒருவர், இந்தப் படத்தை ஓட்டும்போது பிரிண்ட் நழுவாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் விரலால் அழுத்திப் பிடித்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். தெரிந்த பதிப்பு எதுவும் அவ்வளவு நேரம் ஓடாதே! அந்த ஒரு கணக்கை வைத்து வருஷக்கணக்காகக் காத்திருந்து, 2008-இல் பவுலா ஃபெலிக்ஸ்-டிடியர் பொறுப்பிலிருந்த சினிமா அருங்காட்சியகத்தில் டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். 16 எம்.எம். பிரதி. காணாமல் போனதில் சுமார் 25 நிமிடம் அதில் இருந்தது.

அந்தப் பகுதிகள் வரும்போது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பளிச்சென்று இருக்கும் படம் திடீரென்று சுருங்கும், ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும், மழை பெய்ய ஆரம்பிக்கும். நம் ஊர் டூரிங் டாக்கீஸில் சொல்வோமே, அதே மழை. கீறல் விழுந்த 35 எம்.எம். பிரிண்டை அப்படியே 16-க்கு மாற்றியதால் கீறலும் படத்தோடு பதிந்துவிட்டது, எந்தக் கணினியாலும் முழுக்கத் துடைக்க முடியவில்லை. அந்த மழைக்குள்ளே 11811-ஆம் எண் தொழிலாளி, முதலாளி மகனின் உடுப்பில், முதலாளி மகனின் காரில் உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் வழியே கேளிக்கை விடுதி விளம்பரத் தாள்கள் பறந்து வந்து விழுகின்றன. சட்டைப் பையில் கத்தையாகப் பணம். அவன் முகம் மெதுவாக மாறுகிறது. எண்பது வருஷம் யாருமே பார்க்காத முகம். பின்னோக்கித் தள்ளி மூன்று தடவை பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

முர்னாவின் நினைவு நாள். 1931, கலிபோர்னியாவில் கார் விபத்து. வயது 42.

இன்று திரைப்பட வரலாற்றாசிரியர் லோட்டே ஐஸ்னரைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன். பெர்லினில் பிறந்த யூதப் பெண். 1933-இல் பாரிஸுக்குத் தப்பி ஓடினார். 1940-இல் பிரான்சிலிருந்த கூர்ஸ் தடுப்பு முகாமில் அடைத்தார்கள், அங்கிருந்தும் தப்பினார். பொய்ப் பெயரில் தெற்கு பிரான்சில் ஒளிந்திருந்த நாட்களில், பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஆன்ரி லாங்லுவா ஒரு கோட்டையில் மறைத்து வைத்திருந்த படப் பெட்டிகளைக் குளிரில் திறந்து, எது என்ன படம் என்று பட்டியல் போட்டார். உயிருக்கே உத்தரவாதமில்லாத நேரத்தில் செய்த வேலை. முர்னாவின் தொலைந்த படங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு, பின்னாளில் அவர் தேடிச் சேர்த்து எழுதியது. அவரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

மார்ச் 13, வியாழன்

சென்சாருக்கு நன்றி சொல்வேன் என்று நினைத்ததே இல்லை. 1920 மே மாதச் சட்டத்துக்குப் பிறகு ஜெர்மனியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தணிக்கை அட்டை இருந்தது. எத்தனை பாகம், எத்தனை மீட்டர், திரையில் வரும் எழுத்து அட்டைகளின் வாசகம், எல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டில் கிடைக்கும் பிரிண்டில் எழுத்து அட்டைகள் அந்த ஊர் மொழியில்தான் இருக்கும். அசல் ஜெர்மன் வாசகத்தை இந்தத் தாள்களிலிருந்துதான் திரும்ப எழுதுகிறார்கள்.

லாங்கின் தொடக்கப் படங்கள் இரண்டு பிரேசிலில் கிடைத்தன, ‘ஹராகிரி’ நெதர்லாந்தில். ஓடி முடிந்த பிரிண்டைத் திருப்பி அனுப்பக் கப்பல் செலவு கட்டுபடியாகாது, கடைசி ஊரிலேயே விட்டுவிடுவார்கள். தூரமாகப் போனவை பிழைத்துக்கொண்டன. ‘யானுஸின் தலை’யும் அப்படி எங்கோ பெயர் மாறிக் கிடக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

மார்ச் 15, சனி

“பார்க்காத படத்துக்காடா ராத்திரியெல்லாம் முழிக்கிறே?” என்று அம்மா கேட்டாள். திரைக்கதை பிழைத்திருக்கிறது, கதை தெரியும் அம்மா என்றேன். சரி, சொல்லு என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சொன்னேன். டாக்டர் வாரன், இரண்டு முகமுள்ள யானுஸ் சிலை ஒன்றைக் காதலிக்காக வாங்குகிறார். அவள் பயந்து வேண்டாம் என்கிறாள். சிலை அவர் வீட்டிலேயே தங்குகிறது. தங்கியதும் அவர் ஓகானராக மாற ஆரம்பிக்கிறார். பயந்துபோய்ச் சிலையை ஏலத்துக்கு விடுகிறார். ஏலத்தில் தாங்க முடியாமல் அவரே திரும்ப எடுத்துக்கொள்கிறார்.

அம்மா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “வித்தவனேவா?”

ஆமாம் அம்மா. கடைசியில் விஷம் குடித்து, அந்தச் சிலையைக் கட்டிக்கொண்டே சாகிறார்.

“அப்புறம் அந்தச் சிலை?”

அதோடு படம் முடிந்துவிடுகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த ஏலக் காட்சியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.