சுண்டெலிச் செல்களும் எஃப்சி பிளாக்கும்

சுண்டெலியின் மண்ணீரல் செல்களை, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காக ஸ்டெய்ன் செய்யும் (நிறமேற்றும்) ஆய்வகங்களில், நிறமேற்றிய ஆன்டிபாடிகளைச் சேர்ப்பதற்கு முன் ‘எஃப்சி பிளாக்’ போடுவது அன்றாட வழக்கம். ஏன் போடுகிறோம் என்று கேட்டால், “புரோட்டோகாலில் இருக்கிறது” என்று மாணவர்கள் சொல்வதுண்டு. எல்லாச் சோதனைக்கும் அந்தப் பதில் போதாது.

ஆன்டிபாடியின் இரு கைகள் தமக்குரிய ஆன்டிஜெனைப் பிடிக்கின்றன. அதன் வால் பகுதியான எஃப்சியைப் பிடிக்கும் ஏற்பிகளோ மாக்ரோஃபேஜ், பி செல், என்கே செல் போன்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. ஆகவே டி செல்லின் மேற்பரப்புப் புரதமான சிடி3-ஐப் பிடித்து அச்செல்லை அடையாளம் காட்ட வேண்டிய ஆன்டிபாடி, சிடி3 அறவே இல்லாத மாக்ரோஃபேஜிலும் வால்வழியே ஒட்டிக்கொண்டு, அதை டி செல்லாகக் காட்டிவிடக்கூடும். 1979-இல் ஜே அன்கெலஸ் விவரித்த 2.4ஜி2 என்ற எலி (rat) ஆன்டிபாடிதான் வழக்கமான எஃப்சி பிளாக்; சுண்டெலியின் (mouse) சிடி16, சிடி32 என்ற எஃப்சி ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்து இதைத் தடுக்கிறது. ஐஸில் 5 முதல் 10 நிமிடம் வைத்திருந்து, கழுவாமலேயே மற்ற ஆன்டிபாடிகளைச் சேர்க்கலாம்.

எலும்பு மஜ்ஜைக்கு வரும்போதுதான் இந்தப் பழக்கம் காலை வாருகிறது. மைலாய்டு முன்னோடிச் செல்களை (மாக்ரோஃபேஜ் போன்றவை உருவாகும் மூலங்களை) வகை பிரிப்பதற்கு சிடி34 என்ற மேற்பரப்புப் புரதத்துடன் சிடி16/32-இன் அளவையும் பார்க்கிறோம். இரண்டும் மிகுந்திருப்பவை கிரானுலோசைட்-மாக்ரோஃபேஜ் முன்னோடிகள், சிடி34 இருந்தும் சிடி16/32 குறைந்திருப்பவை பொது மைலாய்டு முன்னோடிகள். முதலிலேயே 2.4ஜி2-ஐப் போட்டு அந்த ஏற்பிகளை அடைத்துவிட்டால், பின்னால் வரும் நிறமேற்றிய சிடி16/32 ஆன்டிபாடிக்கு இடமிருக்காது. முதல் வகைச் செல்கள் வரைபடத்தில் இரண்டாம் வகைக்குரிய கட்டத்துக்குள் இறங்கிவிடும். பிளாக்கைத் தவிர்த்து, நிறமேற்றிய சிடி16/32 ஆன்டிபாடியையே முதலில் சேர்ப்பதுதான் இங்கே சரியான வழி. ஸ்டெய்னும் அதுவே, தடுப்பும் அதுவே.

எலி ஆன்டிபாடியைக் கண்டறியும் இரண்டாம் நிலை ஆன்டிபாடியைப் பயன்படுத்துவோரும் கவனிக்க வேண்டும்: 2.4ஜி2-உம் எலியிலிருந்து வந்ததே என்பதால், அது ஒட்டிய செல்களெல்லாம் ஒளிரும். மேலும், மோனோசைட், மாக்ரோஃபேஜ்களில் உள்ள சிடி64 என்ற, எஃப்சியை இறுகப் பிடிக்கும் உயர் நாட்ட ஏற்பியை அது அடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மனிதச் செல்களுக்கு 2.4ஜி2 உதவாது, அங்கே மனித ஐஜிஜி (இரத்தத்திலுள்ள ஆன்டிபாடி வகை) அல்லது சீரம் பயன்படுகிறது.

இறந்த செல்கள் எதையும் ஒட்டிக்கொள்ளும் இயல்பு எஃப்சி ஏற்பியைச் சார்ந்ததன்று. எவ்வளவு பிளாக் சேர்த்தாலும் அது தீராது. இறந்த செல்களை உயிருள்ளவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் உயிர்ச்சாயம் கொண்டுதான் அவற்றை விலக்க வேண்டும்.