இரண்டாவது வளையம்தான் நின்றது

இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வைத்திருக்கும் வளையத்தை, போன வாரம் ஆஸ்பத்திரியில் மூன்றாவது தடவையாகக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு வந்தேன். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு வந்து சேர எனக்கு நாலு வருடமும் மூன்று ஆஸ்பத்திரிகளும் ஆயின.

வயது 56. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிரைண்டர் கல்லைத் தூக்குவது, குண்டானை இறக்குவது எல்லாம் நான்தான். மூன்றும் சுகப்பிரசவம். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து, சாயங்காலமானால் அடிவயிறு கனக்க ஆரம்பித்தது. ஒருநாள் குளிக்கும்போது உருண்டையாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. புற்றுநோய்க் கட்டி என்று பயந்து இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்து பார்த்தால் காணோம். படுத்தால் உள்ளே போய்விடும், நின்று வேலை பார்த்தால் இறங்கிவிடும். கர்ப்பப்பை இறக்கம் என்று அப்புறம்தான் புரிந்தது. என் மாமியாருக்கும் இருந்தது, கடைசிவரை துணியைக் கட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினார். நானும் மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. விரலால் உள்ளே தள்ளிவிட்டால்தான் சிறுநீர் போகும் என்ற நிலை வந்தபோதுதான் மகளிடம் வாய் திறந்தேன்.

முதல் நாளே வீண். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் இருந்த பையன், "என்ன பிரச்சினைம்மா?" என்று சத்தமாகக் கேட்டான். எனக்குப் பின்னால் முப்பது பேர், பாதிப் பேர் ஆண்கள். "வயித்து வலி" என்றேன். பொது மருத்துவத்துக்குச் சீட்டு கொடுத்துவிட்டான். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, வாயு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். அந்த இடத்தில் எதையும் விளக்க வேண்டாம், "மகளிர் நோய்ப் பிரிவு" என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

அடுத்த வாரம் சரியான பிரிவுக்கே போனேன். காலை ஒன்பது மணி, படுக்க வைத்துப் பார்த்தார்கள். "பெரிசா ஒண்ணும் இல்லம்மா, வயசானா இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். படுத்திருந்தால் அது எப்படித் தெரியும்? இருமச் சொல்லவில்லை, முக்கச் சொல்லவில்லை. உங்களையும் அப்படிப் பார்த்தால், "நின்னாத்தான் இறங்குது, நிக்க வச்சுப் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். நான் கேட்காமல் வந்ததை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

பிறகு ஒரு தனியார் மருத்துவமனை. பார்த்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.4. மயக்க மருந்து டாக்டர் இப்போது முடியாது என்றுவிட்டார். சரி, வளையம் வைக்கலாம் என்று வைத்து, உடனே கிளம்பச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மலச்சிக்கலில் முக்கியபோது கழன்று விழுந்துவிட்டது. போன் செய்தால், "அப்ப உங்களுக்கு வளையம் ஒத்து வராது" என்று ஒரே பேச்சு.

அது உண்மை இல்லை என்பதை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டேன். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் இருமச் சொன்னார், பிறகு நிற்க வைத்தும் பார்த்தார். இறக்கம் மூன்றாம் நிலை என்றார். கர்ப்பப்பை மட்டும் இறங்கவில்லை, பிறப்புறுப்பின் முன்பக்கச் சுவர் தளர்ந்து சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கிறது, கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் போதாது, தாங்கும் சுவரையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். நாலு வருடத்தில் என் உடம்பைப் பற்றி எனக்கு விளக்கிய முதல் ஆள் அவர்.

வளையம் சிலிக்கானில் செய்தது, தடித்த வளையல் மாதிரி இருக்கும். இரண்டாக மடித்து உள்ளே விட்டதும் விரிந்துகொண்டது. முதல் அளவு சின்னது, அடுத்தது பெரியதாகி உறுத்தியது, மூன்றாவது பொருந்தியது. அதோடு விடவில்லை. வராந்தாவில் நடக்க வைத்தார், குத்த வைத்து உட்காரச் சொன்னார், இரும வைத்தார், சிறுநீர் போய்விட்டு வரச் சொன்னார். தடையில்லாமல் போனது. அந்தக் கழிப்பறையிலேயே அழுதுவிட்டேன். வளையம் வைத்துக்கொள்பவர்கள் இந்தச் சோதனை எல்லாம் முடியாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

உள்ளே தடவ ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) களிம்பு, வாரம் இரண்டு நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தமோ கெட்ட வாடையோ வந்தால், சிறுநீர் அடைத்தால், தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. மறந்து வருடக்கணக்கில் உள்ளேயே விட்டால் சதையை அரித்துவிடுமாம். அடித்தசைப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்: காற்றை அடக்குவது போல் இறுக்கி, சில விநாடி பிடித்து விட வேண்டும், ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. லேசான இறக்கத்துக்கு அதுவே நன்றாகக் கேட்கும், என் அளவுக்கு அது துணைதான் என்றார்.

கல்லைத் தூக்கும் வேலையை விட்டேன். கடன் வாங்கி, சாய்த்து மாவு எடுக்கும் கிரைண்டர் வாங்கியாயிற்று. சர்க்கரை 7.6-க்கு வந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா என்று நானே யோசித்துச் சொல்லலாம் என்றார் டாக்டரம்மா, இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்த முறை போகும்போது பக்கத்துத் தெரு அக்காவையும் கூட்டிப்போகிறேன். அவருக்கு எட்டு வருடமாக இருக்கிறதாம். மாவு வாங்க வந்த இடத்தில் என்னிடம்தான் முதலில் சொன்னார்.