ஏபிஎஸ் விளக்கு: இடது முன்சக்கர சென்சாரைப் பிடித்த கதை

ஒருவழியாக ஆள் அகப்பட்டுவிட்டது. என் காரின் ஏபிஎஸ் (அழுத்தி பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) மஞ்சள் விளக்கு நேர்ச்சாலையில் வாயே திறக்காது. வேளச்சேரியில் வலப்பக்கம் யூ டர்ன் எடுத்தால் போதும், பளிச்சென்று எரியும். போதாக்குறைக்கு, சிக்னலில் வண்டி நிற்கப் போகிற கடைசி நொடியில் பிரேக் மிதி காலடியில் கடகடவென்று அதிரும். ஸ்கேனரில் சி0035, அதாவது இடது முன்சக்கர வேக சென்சாரில் கோளாறு. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் ஓடவிட்டால், மற்ற மூன்றும் 20 காட்டும்போது இடது முன்சக்கரம் மட்டும் சுழியத்தில் விழுந்து விழுந்து எழுந்தது. (கோளாறுக் குறியீடு படிக்கும் மலிவான ஓபிடி கருவிகள் பலவும் இன்ஜினோடு நின்றுவிடும். ஏபிஎஸ் பகுதிக்குள் நுழைகிற செயலி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.)

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில், "சென்சாரை ஹப் பேரிங்கோடு மாற்றிவிடலாம் சார்" என்றார்கள். ஹப் என்பது சக்கரம் மாட்டிச் சுழலும் நடுப்பகுதி. எதை வைத்து என்று கேட்டால், மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) சரியாக வரவில்லையாம். எனக்கு எரிச்சல் தலைக்கேறுவது இங்கேதான். ஓம் பார்ப்பதெல்லாம் உள்ளே கம்பிச்சுருள் இருக்கும் பழைய காயில் வகை சென்சாருக்கு. அது ஏறக்குறைய 1,000 ஓம் காட்டும், சரி. இப்போது வருவதில் உள்ளே சிப் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பேரிங் சீலில் பதித்த காந்தத் துருவங்கள் எதிரே மாறி மாறிக் கடக்கும்போது 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று மின்னோட்டம் தாவும். இதில் ஓம் பார்த்து என்ன ஜோசியம் சொல்வது?

ஆகவே மின்னோட்டத்தையே அளந்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பழைய யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் பேட்டரி. பிளஸ்ஸிலிருந்து சென்சார், சென்சாரிலிருந்து ரெசிஸ்டர், அங்கிருந்து மைனஸ். எந்த வயர் பிளஸ் என்பதை வண்டியின் வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுத்தால் சிப் போய்விடலாம். மீட்டரை ரெசிஸ்டரின் இரு முனையிலும் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஜாக்கியில் தூக்கிய ஹப்பைக் கையால் மெல்ல, மிக மெல்லத் திருப்பினேன். 0.7, 1.4, 0.7, 1.4 வோல்ட். 100 ஓமில் 7, 14 மில்லி ஆம்பியர் ஓடினால் வருகிற கணக்கு இதுதான். ஒன்றுகூடத் தப்பவில்லை. பேரிங்கும் சுத்தம், சிப்பும் சுத்தம்!

அப்புறம் ஹப்பை விட்டுவிட்டு வயரைப் பிடித்தேன். கனெக்டரிலிருந்து விரற்கடை விரற்கடையாக வளைத்துக்கொண்டே வர, ஸ்ட்ரட்டில் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் தூண்) பிடித்திருக்கும் ரப்பர் கிளிப்பை ஒட்டிய இடத்தில் மீட்டர் சட்டென்று சுழியம். நிமிர்த்தினால் 0.7, வளைத்தால் சுழியம். வலப்பக்கம் முழுதாக ஒடிக்கும்போது வயர் விறைத்து நிற்பதும் அதே இடத்தில்தான். வெளியே உறையில் ஒரு கீறல் கிடையாது. எப்படியும் தூக்கி எறியப்போகிறதுதானே என்று பிளேடால் பிளந்தேன். உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டே இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒட்டுப்போடச் சொல்லாதீர்கள். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அசைகிற இடம், மழைநீரும் அடிக்கும். சால்டர் வைத்த முனையிலேயே மறுபடி முறியும். வயரும் சென்சாரும் ஒரே வார்ப்பு, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். ஆனால் அதுவும் இதே வயதில் இதே இடத்தில் வளைந்து வந்ததுதானே! ஜி.பி. ரோட்டில் புதிதுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இடது, வலதுக்கு பாகம் எண் வேறு, கவனம். வரும் வரை ஏபிஎஸ் கிடையாது. பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும், ஆனால் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதால் இடைவெளி விட்டு ஓட்டுகிறேன்.

இன்னொரு தலைவலி பாக்கி. திருவான்மியூர் உப்புக்காற்றில் சென்சார் தலை, ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளோடு துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கிறது. துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருக்கிறேன். நெம்பினால் தலை உள்ளேயே உடைந்து நிற்கும், அதனால் இடவலமாகத் திருகித்தான் எடுக்கவேண்டும். வலப்பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடுகிறது. முதலில் அதையும் 100 ஓமில் மாட்டி, வளைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.