சைவச் சட்டி

நம் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலில், காயவைத்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழ் காய்ச்சும்போது அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் இருக்கும். பெரிய பானையில் மீனும் நண்டும் இறாலும் கொதிக்கும். பக்கத்திலுள்ள சிறிய சட்டியில் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் மட்டும். அது எனக்கு. "அண்ணை, நீங்கள் ஏன் மச்சம் சாப்பிடுவதில்லை?" என்று இளையவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். இம்முறை எழுதியே சொல்லிவிடுகிறேன்.

1974. நான் எட்டாம் வகுப்பு. பக்கத்து வீட்டு ஐயா கோயில் வேள்வியில் பலியிடவென்று ஒரு கிடாய் வளர்த்தார். பாடசாலை விட்டு வந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் கொக்கத்தடியால் முள்முருக்கங் குழை முறித்துக்கொண்டு ஓடுவேன். ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. நாக்காலும் உதட்டாலும் வளைத்துத்தான் இலையை இழுக்கும். என் உள்ளங்கையில் அதன் சூடான மூச்சு படும். இலை முடிந்த பிறகும் வியர்வை உப்புக்காக விரல்களை நக்கிக்கொண்டே நிற்கும்.

வேள்வியன்று அதைக் குளிப்பாட்டி, மாலை போட்டு அழைத்துச் சென்றார்கள். நான் வேலியோடு நின்றுவிட்டேன். மத்தியானம் ஐயா வெறுங்கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மாலையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. பெருஞ்சீரகம் மணக்க அம்மா கறி வைத்தார். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எடுக்கும் சைவச் சட்டியைக் கழுவி, முருங்கைக்காய்ப் பால்கறி வைத்துத் தந்தார். அன்று விட்டதுதான்.

காரணம் தேடிப் படித்ததெல்லாம் பிறகுதான். தின்பதற்கு வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்குக் கொல்வோரும் இல்லை என்ற குறளை எங்கள் தமிழ் மாஸ்டர் விளக்கியபோது நான் தலைகுனிந்து அழுதேன். கோயில்களில் உயிர்ப்பலியிடுவதை ஆறுமுக நாவலர் கண்டித்ததையும் அவர்தான் சொன்னார். 2017இல் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்த செய்தியை வாசித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் அந்த ஐயாவையும் நினைத்தேன். கிடாய் விற்ற காசில்தான் அவர் வீட்டுக் கூரை வேயப்பட்டது.

புலம்பெயர்ந்த பிறகு பாலையும் விட்டேன். தாவர உணவில் வைட்டமின் பி12 கிடைக்காது என்பதால் அதற்கு மாத்திரை எடுக்கிறேன். கடைச் சம்பலில் மாசிக்கருவாடு இருக்கிறதா, இனிப்பில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது பழகிவிட்டது.

யாரிடமும் நான் வாதாடியதில்லை. அதற்குக் காரணம், அந்தச் சின்னச் சட்டியை ஆண்டுதோறும் அடுப்பில் ஏற்றுகிற என் வகுப்புத் தோழன். அவனுடைய அப்பா கடலுக்குப் போய்த்தான் அவனைப் படிக்கவைத்தார். மதிய இடைவேளையில் என்னருகே இருந்து பொரித்த மீன் சாப்பிடுவான். தன் கை பட்ட சோற்றை என் பக்கம் சிந்தவிடமாட்டான். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமல்ல அது.

சென்ற கோடையில் அவன் கை நடுங்கியது. அகப்பையைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தான். "தம்பி, பெரிய பானை அகப்பையை மாமாவின் சட்டிக்குள் விட்டுவிடாதே" என்றான்.