உயிரியல் படிக்க எஸ்.பி.எம்.மா, ஐ.ஜி.சி.எஸ்.இ.யா? தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டல்

மலேசியாவில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் பிள்ளை படிவம் 3 முடிக்கும் நேரத்தில், தேசியப் பள்ளியிலேயே இருந்து படிவம் 5 முடிவில் எஸ்.பி.எம். எழுதுவதா, அனைத்துலகப் பள்ளிக்கு மாறி ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதுவதா என்ற கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும். டாக்டர், பார்மசிஸ்ட், ஆய்வுக்கூடத் துறை என்று பிள்ளைக்கு ஓர் ஆசை. ஈப்போவில் அனைத்துலகப் பள்ளி இருக்கிறது, கடனை வாங்கியாவது சேர்த்துவிடலாமா என்று பெற்றோருக்கு ஒரு யோசனை. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பல்கலைக்கழகம் முடியும் வரைக்கும் பணம் கையில் உறுதியாக இருந்தால் ஒழிய, படிவம் 5 வரை தேசியப் பாடத்திட்டத்திலேயே இருங்கள். மாற வேண்டுமானால் எஸ்.பி.எம்.முக்குப் பிறகு மாறுங்கள்.

காரணம், படிவம் 5க்குப் பிறகு இருக்கும் வழிகள். எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் போகும் அரசாங்கப் பள்ளியின் ஆறாம் படிவத்துக்கும், பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கும் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டும். ஐ.ஜி.சி.எஸ்.இ. மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் இல்லை. உயிரியல் சார்ந்த பட்டப்படிப்புக்குப் போக இவைதான் நாட்டிலேயே செலவு குறைந்த வழிகள். 2024இல் எஸ்.பி.எம்.மில் 10 ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தால் இனம் பாராமல் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளங்களிலும் எஸ்.பி.எம். முடிவை வைத்தே ஆள் எடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன. ஐ.ஜி.சி.எஸ்.இ., பிறகு ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய பிரிட்டிஷ் படிப்பு) என்று போனவர் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யும்போதும் எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் கேட்பார்கள். அதனால் அனைத்துலகப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் எஸ்.பி.எம். மலாய் மொழியைத் தனியார் தேர்வராகப் பதிந்து எழுதிவிடுவது அவசியம். பள்ளி நினைவுபடுத்தும் என்று காத்திருக்க வேண்டாம். பதிவுக் காலம் குறுகியது.

மருத்துவம்தான் குறி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். மலேசிய மருத்துவ மன்றத்தின் குறைந்தபட்சத் தகுதி, எஸ்.பி.எம். அல்லது அதற்கு இணையான நிலையில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், வேறொரு பாடம் என்று ஐந்திலும் பி கேட்கிறது. அனைத்துலகப் பள்ளியில் பாடம் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அதிகம். இயற்பியல் கஷ்டமாக இருக்கிறது என்று 14 வயதில் விட்டுவிட முடியும். விட்ட பாடம் 18 வயதில் வந்து வழியை மறிக்கும். அறிவியல் மூன்றையும் தனித்தனிப் பாடமாக எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ. நடத்தும் கேம்பிரிட்ஜ் வாரியத்தில் ‘கம்பைன்ட் சயன்ஸ்’ என்றால் மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தின் மதிப்பு, ‘கோ-ஆர்டினேட்டட் சயன்ஸ்’ என்றால் இரண்டு பாடத்தின் மதிப்பு. பள்ளியின் விளம்பர ஏட்டில் எல்லாமே ‘சயன்ஸ்’ என்றுதான் இருக்கும். மருத்துவம் நினைப்பவருக்குத் தனி உயிரியல், தனி வேதியியல், தனி இயற்பியல் வேண்டும்.

இனி பாடத்துக்குள் போவோம். அனைத்துலகப் பாடத்திட்டம் என்றாலே ஆழம் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். உயிரியலில், படிவம் 5 நிலை வரைக்கும், அது சரியில்லை. எஸ்.பி.எம். உயிரியலில் படிவம் 4க்கு 15 அத்தியாயம், படிவம் 5க்கு 13 அத்தியாயம். செல் பிரிவில் இழையுருப் பிரிவு (மைட்டோசிஸ்), குன்றல் பிரிவு (மியோசிஸ்) இரண்டின் ஒவ்வொரு கட்டத்தையும் வரைந்து விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. உயிரியலின் 0610 பாடத்திட்டமோ அந்தக் கட்டங்களின் விவரம் தேவையில்லை என்றே எழுதிவைத்திருக்கிறது. ஒளிச்சேர்க்கையின் ஒளிவினை, இருள்வினை, இரண்டு பண்புகளைச் சேர்த்துப் பார்க்கும் மரபுவழிக் கலப்பு, மண்புழுவிலும் மீனிலும் பறவையிலும் உடல் தாங்குதலும் அசைவும் என்பவை எஸ்.பி.எம்.மில் உண்டு, 0610இல் இல்லை. மனப்பாடச் சுமை நம் பக்கம்தான் கூடுதல்.

அங்கே கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. பார்த்தறியாத ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து, இந்த எண்கள் என்ன சொல்கின்றன, இந்தச் சோதனையில் எங்கே பிழை நேர்ந்திருக்கும், எப்படித் திருத்தலாம் என்று கேட்பார்கள். நேரமும் இறுக்கம். 0610 இரண்டாம் தாளில் 40 தெரிவு வினாக்களுக்கு 45 நிமிடம். எஸ்.பி.எம். முதல் தாளில் அதே 40 வினாக்களுக்கு 1 மணி 15 நிமிடம். 0610 நான்காம் தாள் 80 புள்ளி, 1 மணி 15 நிமிடம், மொத்த மதிப்பில் பாதி அதற்குத்தான். எஸ்.பி.எம். இரண்டாம் தாள் 100 புள்ளி, 2 மணி 30 நிமிடம். அதில் ‘ஏ’ பிரிவு 60, ‘பி’ பிரிவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து 20, ‘சி’ பிரிவு கட்டாயம் 20. எஸ்.பி.எம். நீண்ட விடையில் ஓர் உண்மையைச் சொல்லி, அதற்குக் காரணத்தையும் சொன்னால்தான் புள்ளி ஏறும். ‘நீர் வெளியேறும்’ என்று எழுதி நிறுத்தும் பிள்ளை ஒரு புள்ளியோடு நின்றுவிடும். வெளிக்கரைசல் செல் சாற்றைவிடச் செறிவானது, அதனால் நீர் சவ்வூடு பரவி வெளியேறும், வெற்றிடக்குமிழ் சுருங்கும், சைட்டோபிளாசம் செல் சுவரை விட்டு விலகும் என்று சங்கிலியாகப் போக வேண்டும்.

0610இல் கோர், எக்ஸ்டென்டெட் என்று இரண்டு நிலை உண்டு. கோர் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. மருத்துவத்துக்குக் கேட்கும் பி அதோடு போய்விடும். பிள்ளையை எந்த நிலையில் பதிகிறார்கள் என்று பெற்றோர் நேராகக் கேட்க வேண்டும். எடெக்ஸெல் என்ற இன்னொரு வாரியத்தின் உயிரியல், குறியீடு 4பிஐ1, வேறு அமைப்பு. அதில் இரண்டே தாள். முதல் தாள் 2 மணி, 110 புள்ளி. இரண்டாம் தாள் 1 மணி 15 நிமிடம், 70 புள்ளி. செய்முறைக்குத் தனித் தேர்வு கிடையாது, செய்முறை பற்றிய கேள்விகள் இந்தத் தாள்களுக்குள்ளேயே வரும். ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வாரியங்கள் இருப்பதால், பயிற்சிப் புத்தகமும் பழைய தாள்களும் வாங்கும் முன் வாரியத்தின் பெயரையும் பாடக் குறியீட்டையும் சரிபாருங்கள்.

செய்முறைதான் இரண்டு பாடத்திட்டத்துக்கும் உண்மையான உரைகல். உருளைக்கிழங்கு சவ்வூடு பரவல் சோதனை இரண்டிலும் வரும், அதை எடுத்துக்கொள்வோம். சமையல் சீனி சுக்ரோஸ்தான், ஆகவே வீட்டிலும் செய்யலாம். 171 கிராம் சீனியைக் கொஞ்சம் நீரில் கரைத்து, பிறகு மொத்த அளவு 500 மில்லிலிட்டர் வரும்வரை நீர் சேர்த்தால் 1.0 மோலார் கரைசல். 500 மில்லிலிட்டர் நீரை முதலில் எடுத்துவைத்து அதில் சீனியைக் கொட்டினால் அளவு கூடிச் செறிவு குறைந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான். இந்தக் கரைசலில் 10, 20, 30 என்று 60 மில்லிலிட்டர் வரை தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் 100 மில்லிலிட்டராக்கினால் 0.1 முதல் 0.6 மோலார் வரை வந்துவிடும். ஒரே கிழங்கிலிருந்து, தோல் துளியும் இல்லாமல், 50 மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். தோல் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் நீர் ஏறி இறங்காது. தொடக்க எடையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கரைசலிலும் 30 நிமிடம் ஊறவைத்து, வெளியே எடுத்ததும் டிஷ்யூவில் ஒற்றிவிட்டு நிறுக்க வேண்டும். ஒற்றாமல் நிறுத்தால் மேலே ஒட்டிய கரைசலும் எடையில் சேர்ந்து, எல்லாத் துண்டும் கனத்ததுபோலக் காட்டும். சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. அப்போது எடையை விட்டுவிட்டு நீளத்தை மில்லிமீட்டரில் அளப்பது மேல். தொடக்க எடை துண்டுக்குத் துண்டு மாறும் என்பதால் மாற்றத்தைச் சதவிகிதமாக்குங்கள். அதைச் செறிவுக்கு எதிராக வரைபடமாக்கினால், கோடு பூச்சியத்தைக் கடக்கும் இடம்தான் செல் சாற்றுக்குச் சமச்செறிவு.

எஸ்.பி.எம். இந்தச் சோதனையில் கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி, மாறா மாறி, அலகோடு கூடிய அட்டவணை ஆகியவற்றைப் பார்க்கும். கருதுகோளில் இரண்டு மாறிகளின் உறவும் இருக்க வேண்டும். ‘செறிவு எடையைப் பாதிக்கும்’ என்பது போதாது. செறிவு கூடக் கூட எடை குறையும் என்று திசையைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜோ முடிவை வைத்து வரைபடம் போடச் சொல்லும், பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லும், படம் வரையச் சொல்லும். படம் என்றால் கூரான பென்சிலில் ஒற்றைக் கோடு, நிழல் தீட்டக் கூடாது, கொடுத்த இடத்தில் பாதிக்கு மேல் நிறைய வேண்டும். உருப்பெருக்கக் கணக்கில் படத்தில் 48 மில்லிமீட்டர், உண்மையில் 0.06 மில்லிமீட்டர் என்றால் விடை 800 மடங்கு. ஒன்றைச் சென்டிமீட்டரிலும் மற்றொன்றை மில்லிமீட்டரிலும் வைத்து வகுப்பதும், விடைக்குப் பின்னால் மில்லிமீட்டர் என்று எழுதுவதும் வழக்கமான பிழைகள்.

அதனால் எந்தப் பள்ளியானாலும் ஆய்வுக்கூடத்தைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். வாரத்துக்கு எத்தனை முறை உள்ளே போகிறார்கள், ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை மாணவர், செய்முறையைப் பிள்ளைகளே செய்கிறார்களா, ஆசிரியர் செய்துகாட்டிவிட்டு முடிவைப் பலகையில் எழுதிப்போடுகிறாரா என்று மேல் வகுப்பு மாணவரிடமே கேளுங்கள். கட்டணம் வாங்கும் பள்ளியிலும், செய்முறைத் தாளுக்குப் பதில் எழுத்துத் தாளான ஆறாம் தாளுக்குப் பதிவதால் ஆய்வுக்கூடம் பூட்டியே கிடக்கலாம். ஆறாம் தாள் எழுத்துத் தேர்வுதான். ஆனால் கிழங்கைக் கையில் பிடித்து ஒற்றிப் பார்த்திராத பிள்ளைக்கு அதில் பிழை கண்டுபிடிக்க வராது.

சிறு நகர இடைநிலைப்பள்ளியில் வேறு சிக்கல் உண்டு. படிவம் 4இல் பாடங்களைத் தொகுப்பாகத்தான் கொடுப்பார்கள். ஆள் குறைந்தால் ஒரு தொகுப்பை அந்த ஆண்டு திறக்காமலும் விடலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் நான்கும் ஒரே தொகுப்பில் கிடைக்குமா என்று படிவம் 3 பாதியிலேயே கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால், ஈப்போவில் கட்டணப் பள்ளியைத் தேடும் முன் பக்கத்து ஊர் அரசாங்கப் பள்ளிக்கு மாற்றல் கேட்கலாம்.

மொழியைப் பற்றி அதிகக் கவலை வேண்டாம். எஸ்.பி.எம். உயிரியல் வினாத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே இருக்கும். ஆனால் மெட்ரிகுலேஷனிலும் ஏ லெவலிலும் அறிவியல் ஆங்கிலத்தில்தான். மலாயில் படிக்கும் பிள்ளை படிவம் 4 முதலே ஒவ்வொரு அத்தியாயத்தின் கலைச்சொற்களையும் இரண்டு மொழியிலும் பக்கம் பக்கமாக எழுதிவைத்தால் மாற்றம் இடிக்காது.

மாறத்தான் போகிறோம் என்ற முடிவு இருந்தால், எந்த வகுப்பில் சேர்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். படிவம் 4 வயதுப் பிள்ளை அனைத்துலகப் பள்ளியில் வயதுப்படி 11ஆம் ஆண்டு. ஆனால் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடம் பொதுவாக 10, 11 என்று இரண்டு ஆண்டுக்குப் பரவியிருக்கும். நேராக 11இல் போட்டால் பாதிப் பாடம் போய்விட்டிருக்கும். 10இல் சேர்ப்பதே நல்லது. படிவம் 4 நடுவில் மாற்றுவது மிக மோசம், இரண்டு பாடத்திட்டத்திலும் அரைகுறையாகவே நிற்கும். கட்டணத்தையும் இரண்டு ஆண்டுக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஏ லெவலையும் தனியார் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துப் போடுங்கள். இங்கிருந்து ஈப்போ போய்வரும் வேன் செலவும், பிள்ளை சாலையில் கழிக்கும் நேரமும் அதில் அடக்கம்.

எஸ்.பி.எம்.மிலேயே இருப்பவர் அந்தப் பக்கத்தின் நல்லதை எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. வாரம் ஒரு 0610 ஆறாம் தாளை நேரம் வைத்து எழுதினால் தரவு வாசிக்கும் பழக்கம் வரும். பிறகு ஏ லெவல் போனால் மூன்றாம் தாள் செய்முறையில், 2 மணி, 40 புள்ளி, அந்தப் பழக்கம் நேரடியாகக் கைகொடுக்கும். எஸ்.டி.பி.எம். போனால் உயிரியல் மூன்று தவணையாகப் பிரியும்: மூலக்கூறுகளும் வளர்சிதை மாற்றமும், உடலியங்கியல், சூழலியலும் மரபியலும். படிவம் 4, 5இன் விரிந்த பாடம் அங்கே அப்படியே அடித்தளமாகிறது.

சூழலியல் அத்தியாயத்துக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் வெளியே எங்கும் போக வேண்டாம். செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கும் எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற கூன்வண்டை 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் கையால் மகரந்தம் தூவ ஆள் வைக்க வேண்டியிருந்தது. மலர்ந்த ஆண் பூங்கொத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வண்டுகள் மொய்ப்பது தெரியும், சோம்பு வாசமும் வரும். எலியைப் பிடிக்கக் கூகைக்குக் கம்பத்தில் பெட்டி கட்டுவது உயிரியல் கட்டுப்பாடு. இளம் கன்றுகளுக்கு இடையில் படரும் அவரையின மூடுபயிரை மெல்ல மண்ணோடு பெயர்த்து, வேரைக் கழுவி, முடிச்சு ஒன்றைப் பிளேடால் நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா நைட்ரஜனை நிலைப்படுத்திக்கொண்டிருக்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. நைட்ரஜன் சுழற்சி இரண்டு பாடத்திட்டத்திலும் உண்டு. எஸ்.பி.எம். நீண்ட விடையில் அது வரும்போது, ‘அவரையினத் தாவரம்’ என்று பொதுவாக எழுதாமல் இந்தக் கொடியையே எடுத்துக்காட்டாகக் கொடுத்துக் காரணத்தோடு எழுதலாம்.