முப்பது ஆண்டுப் பனிப்பொழிவுச் சராசரி: பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் தேசியக் கடல்சார் வளிமண்டல நிர்வாகம் 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளுக்குரிய வானிலைச் சராசரிகளை 2021 மே மாதத்தில் வெளியிட்டது. அதற்கு முன் வழக்கில் இருந்தவை 1981 முதல் 2010 வரையிலானவை. எந்த நகரத்தில் பனிப்பொழிவு கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று நானே அட்டவணை போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. சில வார இறுதிகளைச் செலவிட்டு அதைச் செய்து முடித்தேன்.

வெளியிடப்பட்ட சராசரிகளை எடுத்து எழுதுவது எளிதாக இருந்தது. சிராக்யூஸ் 123.8 அங்குலத்திலிருந்து 127.8-க்கும், ராசெஸ்டர் 99.5-லிருந்து 102.0-க்கும், பஃபலோ 94.7-லிருந்து 95.4-க்கும் உயர்ந்திருந்தன. பாஸ்டன் 43.8-லிருந்து 49.2-க்குத் தாவியிருந்தது. மினியாபொலிஸ் 54.4-லிருந்து 51.2-க்கும், வாஷிங்டன் 15.4-லிருந்து 13.7-க்கும் இறங்கியிருந்தன.

அடுத்து, மாதவாரிப் பதிவுகளிலிருந்து இந்தச் சராசரிகளை நானே கணக்கிட முயன்றபோது இரண்டு இடங்களில் தவறினேன். அளக்க முடியாத அளவுக்குச் சொற்பமாகப் பனி விழுந்த நாளையோ மாதத்தையோ பதிவேட்டில் எண்ணுக்குப் பதிலாக ‘டி’ என்ற எழுத்தால் குறிப்பார்கள். கணினி விரிதாள் அதை எண்ணாகக் கொள்ளாமல் விட்டுவிட்டதால், வாஷிங்டனின் ஏப்ரல் மாதச் சராசரி, பனி அளவிடும்படி விழுந்த ஆண்டுகளையும் பூஜ்யம் பதிவான ஆண்டுகளையும் மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டு, உண்மையைவிடப் பெரிதாக வந்தது. அந்த எழுத்து இருந்த கட்டங்களிலெல்லாம் பூஜ்யத்தை இட்ட பிறகே கணக்கு நேரானது. மற்றொரு தவறு பருவத்தைப் பற்றியது. பனிப்பருவத்தை ஜூலை முதல் ஜூன் வரை எண்ணுவதே வழக்கம். ஆனால் 1991 ஜனவரி முதல் 2020 டிசம்பர் வரையிலான காலத்துக்குள் முழுமையாக அடங்கும் பருவங்கள் 29 மட்டுமே. நான் அவற்றின் கூட்டுத்தொகையை முப்பதால் வகுத்துவிட்டு, விடை ஏன் குறைகிறது என்று ஒரு மாலை முழுவதும் தேடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மாதங்களின் சராசரிகளைத் தனித்தனியே கண்டு அவற்றைக் கூட்டுவதே சரியான வழி.

இதற்குப் பிறகுதான் என் அட்டவணையை நான் படித்த விதமே தவறு என்பது புரிந்தது. பழைய காலமும் புதிய காலமும் 1991 முதல் 2010 வரையிலான இருபது ஆண்டுகளைப் பொதுவாகக் கொண்டவை. ஆகவே இரண்டு சராசரிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, வெளியேறிய 1980-களுக்கும் உள்ளே வந்த 2010-களுக்கும் இடையிலான வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. பாஸ்டனின் 5.4 அங்குல உயர்வை மூன்றால் பெருக்கினால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் ஆண்டுக்குச் சுமார் 16 அங்குலம் கூடுதலாகப் பெய்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. மினியாபொலிசில் அதே கணக்கு ஏறத்தாழ 10 அங்குலக் குறைவைக் காட்டுகிறது.

மினியாபொலிசின் பதிவை மாதம் மாதமாகப் புரட்டியபோது 1982 ஜனவரியில் கண் நின்றது. அந்த ஒரே மாதத்தில் அங்கே 46.4 அங்குலம் பெய்திருக்கிறது. முப்பதால் வகுத்தால், பழைய சராசரியில் ஒன்றரை அங்குலம் அந்த மாதத்தின் கொடை. 3.2 அங்குலச் சரிவில் ஏறக்குறைய பாதியை, அந்த மாதம் கணக்கிலிருந்து விலகியதே விளக்கிவிடுகிறது. பெரும்புயலோடு தொடங்கிய 1991 நவம்பரின் 46.9 அங்குலமோ இரண்டு காலங்களிலும் இடம்பெறுவதால் ஒப்பீட்டைத் தொடவே இல்லை. பாஸ்டனில் இது தலைகீழாக நடந்தது: 2014-15 பருவத்தின் 110.6 அங்குலம் மட்டுமே புதிய சராசரியில் 3.7 அங்குலத்தைச் சேர்த்திருக்கிறது. இந்த உயர்வை வைத்துக்கொண்டு பாஸ்டனில் குளிர்காலம் கடுமையாகி வருகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாஷிங்டனில் 2009-10 பருவத்தின் 56.1 அங்குலம் இரண்டு சராசரிகளிலும் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு மீதமுள்ளவற்றை 29-ஆல் வகுத்தால் புதிய சராசரி 12.2-க்கு இறங்குகிறது. 2019-20-இல் அங்கே பெய்தது வெறும் 0.6 அங்குலம். இப்படிப்பட்ட நகரத்துக்கு, பருவங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இடைநிலை அளவையும் சராசரிக்குப் பக்கத்திலேயே காட்டுவதுதான் நேர்மையானது என்று கருதி, அட்டவணையில் அதற்கென ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருக்கிறேன்.

அளக்கும் இடமும் பெரிதும் கணக்கில் வருகிறது. 2014 நவம்பரில் ஈரி ஏரியிலிருந்து எழுந்த ஈரத்தால் உருவான பனி, பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் 5 அடிக்கு மேல் குவிந்தது. நகரின் அதிகாரப்பூர்வ அளவீடு நடக்கும் விமான நிலையத்தில் அதில் சிறு பங்கே பதிவானது. ஏரிப்பனி குறுகிய பட்டையாக இறங்குவதே இதற்குக் காரணம். டென்வரின் விமான நிலையம் 1995-இல் வேறிடத்துக்கு மாறியதால், அந்நகரை இப்போதைக்கு அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு இடங்களிலும் ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அதைத் திரும்பச் சேர்ப்பேன்.